கொலுசுத் தடம்

அண்ணாச்சி, அந்த மூலைய மட்டும் கொஞ்சம் உங்க முட்டி மேல வச்சுக்கிடுங்க. சும்மா ஒரு அண்டக் குடுத்தாப் போதும். பஸ்ஸு குலுங்குறப்ப கீழ முட்டுச்சுன்னா அட்டை நசுங்கிரும். மூணுக்கு நாலு அடிப் படம். பழைய பெட்ஷீட்டச் சுத்தி வச்சிருக்கேன். கண்டக்டர் இதுக்கும் லக்கேஜு டிக்கெட்டக் கிழிச்சிட்டான். "ஏப்பா, இது சாமானா? கலையப்பா"ன்னேன். "கலைன்னாலும் எடத்த அடைக்குதுல்ல, பெருசு"ங்கான். பெரியாஸ்பத்திரி ஸ்டாப்பு வர்ற வரைக்கும்தான். அங்க எறங்கிருவேன்.

எம் பேரு ஞானகுரு. ஆர்ட்டிஸ்ட் ஞானகுரு, சிவகாசி. பேரக் கேட்டாத் தெரியாது, கைய உங்களுக்குத் தெரியும். உங்க வீட்டுல காலண்டர் தொங்குதுல்ல? கொழந்தை படம் போட்ட காலண்டர்? கொழுகொழுன்னு, கன்னத்துல திருஷ்டிப் பொட்டு வச்சு, கையில ஒரு ரோசாப்பூவ வச்சுக்கிட்டு, நீங்க எந்தப் பக்கம் போனாலும் உங்களையே பாத்துச் சிரிக்கும். அதுல பத்துக்கு நாலு நான் போட்டது. நாப்பத்தோரு வருசம் அண்ணாச்சி. எங்க தொழில்ல ஒரு அளவு உண்டு. கன்னம் ரெண்டு பக்கமும் ஒரு விரக்கடை கூட இருக்கணும். மணிக்கட்டுல ரெண்டு மடிப்பு, தொடையில மூணு மடிப்பு. கழுத்துன்னு ஒண்ணு இருக்கதே தெரியக்கூடாது. எலும்பு தெரியுற புள்ளையப் போட்டா எவன் மாட்டுவான், வருசப் பொறப்பு அதுவுமா?

ஆக, கொழந்தைங்க ஆரோக்கியத்தப் பத்தி இந்தச் சிவகாசியில என்னைய விட அறிஞ்சவன் எவன் இருக்கான், சொல்லுங்க. அதனாலதான் என்னையத் தேடி வந்தாக.

யாரு வந்தாகன்னா, எங்க ஊரு கலைமன்றத் தலைவரு சீனிராஜ். பெரிய பிஸ்கட் ஏஜென்சி வச்சிருக்காரு. தங்கமான மனுசன். "ஓவியரே, அஞ்சு வயசுக்குள்ள இருக்க புள்ளைங்க நலனப் பத்தி ஒரு ஓவியக் கண்காட்சி போடப் போறோம். விழிப்புணர்வு. மேலிடத்துலயிருந்தெல்லாம் வர்றாக. வாசல்ல ஒரே ஒரு பெரிய படம், பாத்தவன் அப்படியே நிக்கணும்"னாரு. எனக்கு ரெண்டு பெட்டி பிஸ்கட்டு சன்மானமாக் குடுத்தாரு. ஒடஞ்ச பிஸ்கட்டுதான், ஆனா ருசி ஒண்ணுதான பாருங்க.

மொத மீட்டிங்குலயே ஒரு அம்மா இடைஞ்சலா வந்துச்சு. ஜெயக்கொடி டீச்சரு. எங்க தெரு அங்கன்வாடியில இருக்கு. ஒல்லியா, பேக்க இடுக்கிக்கிட்டு, யாரு கேட்டாலும் கேக்காட்டாலும் பேசும். "சார், சோப்பு போட்டுக் கை கழுவுறத வரைங்க. புள்ளைய எடை போடுறத வரைங்க. ஆறு மாசத்துக்குப் பெறகு என்னென்ன ஊட்டணும்னு வரைங்க. சனங்களுக்கு அதுதான் தெரியல"ன்னுச்சு. தலைவரு சிரிச்சுட்டாரு. நானும் சிரிச்சேன். சோப்பு நொரையப் பாக்கதுக்கா மண்டபத்துக்கு ஆளு வரும்? "டீச்சர், இது கலை. நீங்க சொல்றது சார்ட்டு"ன்னு சொல்லிட்டேன்.

இருந்தாலும் மாடலு வேணும்ல? நான் இல்லாதத வரையுற ஆளு இல்ல அண்ணாச்சி. அது என் கொள்கை. மடிப்புகிடிப்பு கொஞ்சம் கூடக்கொறையப் போடுவேன், அது தொழிலு. ஆனா வெளிச்சமும் நெழலும் பாத்ததத்தான் போடுவேன். சரின்னு அந்த அங்கன்வாடிக்கே போனேன். இருவது புள்ளைக. ஒண்ணாவது உக்காரணுமே! ஓடுது, ஏறுது, இன்னொண்ணு தலையில மண்ணக் கொட்டுது. எல்லாம் தடிச்சிக் கெடக்கும்னு பாத்தா, நரம்பும் முட்டியுமா ஓடுற எளங்கன்னுக. "இதுல எது டீச்சர் ஆரோக்கியமான புள்ள?"ன்னேன். "எல்லாந்தான் சார். இங்க வர்றதெல்லாம் எடை சரியா இருக்கு. வராததுதான் எனக்குக் கவலை"ன்னு சொல்லி என்னைய ஒரு பார்வை பாத்துச்சு. அந்தப் பார்வைக்கு அர்த்தம் உண்டு. எம் பேத்திய நான் அங்க அனுப்புறதில்ல.

ஏன் அனுப்பணும்? நாங்க என்ன இல்லாதப்பட்டவகளா? மாசாமாசம் சத்துமாவுப் பாக்கெட்டு குடுப்பாக. எம் மருமக செண்பகம் போய் வாங்கிட்டு வந்துரும். "ஆர்ட்டிஸ்டு வீட்டுப் புள்ள இதத் திங்கணுமா?"ன்னு வாங்கி எதுத்த வீட்டு மாட்டுக்குக் கரைச்சு ஊத்திருவேன். அந்த மாடு என்னமா இருந்துச்சுங்கிறீங்க! எடை போடக் கூப்பிட்டு அந்த டீச்சரு மாசந்தவறாம வந்து நிக்கும். புள்ளைய எடை போட்டா கண்ணு பட்டுரும்னு வாசலோட அனுப்பிருவேன்.

எம் பேத்தி பேரு மிருதுளா. அப்ப அவளுக்கு ஒண்ணே முக்கா வயசு. மகன் திருப்பூர்ல பனியன் பிரிண்டிங்ல இருக்கான், மாசத்துக்கு ஒருக்கா வருவான். என் சம்சாரம் போயிச் சேந்து ஆறு வருசமாச்சு. அதனால வீட்டுல புள்ள வளக்குற விசயம் எல்லாம் நான் சொல்றதுதான். செண்பகம் ரெண்டாவது உண்டாகி நாலஞ்சு மாசத்துல மூத்ததுக்குப் பால நிறுத்திருச்சு. அப்ப நான் ஒரு பட்டியல் போட்டுக் குடுத்தேன். முட்டை குடுத்தா மாந்தம். பருப்பு வாயு. கீரை வயித்தக் கலக்கும். மீன் வேண்டவே வேண்டாம், பேச்சு திக்கும். பெறகு என்ன குடுக்கன்னு செண்பகம் கேட்டுச்சு. அதான் தலைவரு குடுத்த பிஸ்கட்டு ரெண்டு பெட்டி இருக்கே? டீயில நனைச்சு ஊட்டு. நடுவுல கொஞ்சம் ஆரோட்டுக் கஞ்சி. சொகமா இருக்கும்.

இருந்துச்சு அண்ணாச்சி! அதத்தான் சொல்ல வர்றேன். அந்த அங்கன்வாடியில எலும்பும் தோலுமா ஓடுறதுகளப் பாத்து மனசு வெறுத்து வீட்டுக்கு வர்றேன், எம் பேத்தி செவத்தோரமா உக்காந்திருக்கா. மொகம் பாத்தேன். அப்படியே பூரிச்சுக் கெடக்கு! கன்னம் உப்பி, கண்ணு பாதி மூடி, நான் நாப்பத்தோரு வருசமா கற்பனையில போட்ட கன்னம் எங்க வீட்டுக்குள்ளயே இருக்கு. முடி வேற நுனியில செம்பட்டையா, வெளிநாட்டுப் புள்ளக்கணக்கா. கால் ரெண்டும் திண்டு திண்டா. "எங்கிட்டயே வச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடியிருக்கேனே"ன்னு எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு.

செண்பகத்துக்குத்தான் மொகம் சரியில்ல. ஏழு மாச வயித்தத் தூக்கிக்கிட்டு வந்து நின்னு, "மாமா, புள்ள சிரிச்சுப் பத்து நாளாச்சு. ஒரு தடவ டாக்டர்ட்டக் காட்டுவோமே"ன்னுச்சு.

"சிரிப்ப நான் வரைஞ்சுக்கிடுறேன், நீ பட்டுப்பாவாடைய எடு"ன்னு சொன்னேன்.

என்ன, ஒரு மாதிரியாப் பாக்கீங்க? தொழில்ல அப்படித்தான். எந்தப் புள்ள மூணு மணி நேரம் சிரிச்சுக்கிட்டே உக்காரும்?

ஆனா உக்காந்தா அண்ணாச்சி. அதான் அதிசயம். அழுகை கெடையாது, சிணுங்கல் கெடையாது, வச்ச எடத்துல வச்ச மாதிரி பொம்மையா உக்காந்திருந்தா. பூவக் குடுத்தேன், அது கையிலயிருந்து நழுவி விழுந்துச்சு, அதக் குனிஞ்சு கூடப் பாக்கல. எத்தன புள்ளைய வச்சு வரைஞ்சிருக்கேன், இப்படி ஒரு மாடலு அமைஞ்சதில்ல. பொறவி மாடலுன்னு நெனச்சேன். மேல் தோலு கால்கிட்ட உரிஞ்சு கெடந்துச்சு, அத மட்டும் வரையல.

கொலுசு கொஞ்சம் இறுக்கமா இருந்துச்சு, கழட்டினேன். கழட்டுன எடத்துல வட்டமா ஒரு தடம். போகும்னு பாக்கேன், போகல. காலை நேரா வைக்கதுக்குப் பிடிச்சேன். என் பெருவிரல் பட்ட எடம் குழியா நின்னுபோச்சு, வெண்ணெயில விரல வச்ச மாதிரி. அதுவும் போகல. சன்னல் வெளிச்சம் பக்கவாட்டுல விழுந்து அந்தக் குழிக்குள்ள ஒரு சின்ன நெழல் கட்டுச்சு பாருங்க, விட மனசு வரல. ரெண்டையும் அச்சு அசலாப் போட்டேன். இந்தப் படத்துல வெறும் காத்துல போட்டது சிரிப்பு ஒண்ணுதான். மத்ததெல்லாம் நெசம்.

மினுமினுப்புக்கு ஒரு ரகசியம் சொல்றேன். கடையில விக்கிற வார்னிஷு ஆகாது. முட்டை வெள்ளக்கருவ நொரைக்க அடிச்சுப் பூசணும். பழைய ஆளுக வித்தை. அன்னைக்குப் பாத்து வீட்டுல முட்டை இல்ல. செண்பகம் அடுப்படியில நின்னு என்னமோ முந்தானைக்குள்ள மறைக்கிறா. என்னன்னு பாத்தா முட்டை! வாரத்துக்கு ஒண்ணு புள்ளைக்குன்னு அங்கன்வாடியில குடுப்பாகளாம், எனக்குத் தெரியாம ஊட்டலாம்னு வாங்கியாந்திருக்கா. "மாந்தம் வரும்னு சொன்னேனா இல்லையா"ன்னு வாங்கிட்டேன். வெள்ளக்கருவப் படத்துக் கன்னத்துல பூசினேன். என்னமா மின்னுச்சு! மஞ்சக்கருவ வீணாக்கல, மொளகுப் பொடி போட்டு நான் சாப்பிட்டேன். சாப்பாட்டுப் பொருள வீணாக்குறது பாவம்ல?

கண்காட்சி அன்னைக்குக் கல்யாண மண்டபம் ஜேஜேன்னு இருந்துச்சு. வாசல்ல எம் படம். மேல "ஆரோக்கியத்தின் அழகுமுகம்"னு தங்க எழுத்து. உள்ள நாப்பது படம், எல்லாத்துலயும் குண்டுக் கொழந்தைக. ஜெயக்கொடி டீச்சரு தன் இருவது புள்ளைகளையும் வரிசையாக் கூட்டியாந்திருந்துச்சு. படத்துல கைய வச்சு அழுக்காக்கிரும்னு தலைவரு அதுகள வெளிப் பந்தலோட நிறுத்தி, ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட்டு குடுத்தாரு. கொழந்தைங்க நலன் கண்காட்சியில கொழந்தைங்க தொந்தரவு இல்லாமப் பாத்துக்கிட்டோம். அவ்வளவு ஒழுங்கு.

சிறப்பு விருந்தினர் பெரியாஸ்பத்திரி கொழந்தை டாக்டரு. சபீனான்னு பேரு, சின்ன வயசு. வந்தாக, குத்துவெளக்கு ஏத்தப் போனவக எம் படத்துக்கிட்ட நின்னுட்டாக. நிக்காக, நிக்காக, நகரல. ஒரு அஞ்சு நிமிசம் இருக்கும். தலைவரு என்னைய இடுப்புல இடிச்சு, "ஓவியரே, சாதிச்சுட்டீரு"ங்காரு. எனக்குச் சட்டைக்குள்ள நெஞ்சு கொள்ளல. குனிஞ்சு காலுகிட்டப் பாத்தாக. பெறகு கேட்டாக, "சார், இந்தக் குழி நீங்களா வரைஞ்சதா? இல்ல, இருந்துச்சா?"

கோவம் வந்துருச்சு எனக்கு. "டாக்டர், இல்லாதத வரையுறவன் இல்ல நான்"னேன்.

"எவ்வளவு நேரம் இருந்துச்சு?"

"மூணு மணி நேரம் வரைஞ்சேன். முடிக்கிற வரைக்கும் இருந்துச்சு."

"இந்தக் கொழந்தை இப்ப எங்க?"

எங்கன்னா? மேடையிலதான். மாடலுக்கும் பொன்னாடை போர்த்துறதா ஏற்பாடு. புள்ள செண்பகம் மடியில பட்டுப்பாவாடையோட உக்காந்திருந்தா. டாக்டரம்மா மேடையேறி, தரையில மண்டி போட்டு உக்காந்து, புள்ள கால்ல விரல வச்சு அமுக்குனாக. எடுத்தாக. பாத்தாக. அவ்வளவுதான். புள்ளையத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு, செண்பகத்தக் கையப் பிடிச்சு எறக்கி, "வாங்கம்மா, இப்பவே போகணும்"னு தன் கார்லயே கூட்டிப் போயிட்டாக. வெளக்கு ஏத்தல. பேச்சுப் பேசல. எனக்குப் போர்த்த வச்சிருந்த பொன்னாடை தாம்பாளத்துல அப்படியே மடிச்ச மடிப்போட கெடக்கு. தலைவரு மொகம் விழுந்துருச்சு. நாப்பத்தோரு வருசத்துல எனக்கு நடந்த அவமானம் அது ஒண்ணுதான் அண்ணாச்சி. அன்னைக்கு எம் படத்தப் பத்தி ஒரு வார்த்தை, "நல்லாருக்கு"ன்னு ஒரு வார்த்தை, சொல்லிட்டுப் போனா என்ன கொறஞ்சா போயிருவாக?

பெறகு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரு சொல்றாக, "சார், அது சதை இல்ல, நீரு. சத்தான சாப்பாடே இல்லாம வெறும் மாவும் சீனியுமா உள்ள போனா ஒடம்பு இப்படித்தான் நீர் கோத்து வீங்கும். பாக்கதுக்குக் குண்டாத் தெரியும். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா எங்க கையில இல்ல"ன்னாக. டாக்டர்மாருக அப்படித்தான் பயமுறுத்துவாக. செண்பகம் அங்க நின்னு என்னையப் பாக்கவே இல்ல. தரையவே பாத்துக்கிட்டு நின்னுச்சு. திட்டியிருந்தாக் கூட நல்லாயிருந்திருக்கும்.

பதினெட்டு நாளு வச்சிருந்தாக. என்ன செஞ்சாக தெரியுமா? கொழுகொழுன்னு கொண்டுபோன புள்ளைய எளைக்க வச்சுட்டாக! நாலாம் நாளு போய்ப் பாக்கேன், கன்னத்தக் காணோம். அஞ்சாம் நாளு காலு குச்சியாயிருச்சு. ஆறாம் நாளு விலா எலும்ப எண்ணலாம். நான் நர்ஸ்கிட்டச் சண்டைக்குப் போனேன். "ஆஸ்பத்திரியில போட்டு ஒருத்தர எளைக்க வைப்பாகளா?"ன்னேன். அந்தப் பொண்ணு, "தாத்தா, இதுதான் உங்க பேத்தி. இம்புட்டு நாளு இவதான் அந்த வீக்கத்துக்குள்ள கெடந்தா"ன்னுச்சு. வெளிய வந்து வராந்தாவுல உக்காந்துட்டேன். நாப்பத்தோரு வருசமா பாத்துப் பாத்து வரைஞ்சவன், ஒரு நர்ஸுப் பொண்ணு சொல்லித்தான் எம் பேத்திய நான் பாக்கணுமான்னு இருந்துச்சு.

அதுக்குன்னு அவக சொல்றத எல்லாம் நான் ஒத்துக்கிட்டேன்னு நெனைக்காதீங்க.

இப்ப அஞ்சு மாசமாச்சு. வீட்டுல என் பட்டியலக் கிழிச்சுப் போட்டாச்சு. முட்டை, பருப்பு, கீரை, அந்தச் சத்துமாவு எல்லாம் எறங்குது. எதுத்த வீட்டு மாடுதான் பாவம், நம்ம வாசலையே பாத்துக்கிட்டு நிக்கும். மாசாமாசம் எடைபோடக் கூட்டிட்டுப் போறது யாருங்கிறீங்க? நாந்தான். ரெண்டாவது பெத்த ஒடம்ப வச்சுக்கிட்டு செண்பகம் எங்க போகும்? புள்ளையப் பையில போட்டு ஊஞ்சலாத் தொங்கவிட்டு எடை போடுறாக, அது காலை ஒதறிக் கத்திச் சிரிக்குது. ஜெயக்கொடி டீச்சரு எடை அட்டையில புள்ளி வச்சுட்டு என்னையப் பாத்து ஒண்ணும் சொல்லாது. அதுதான் எரிச்சலா இருக்கும்.

மாடலாவும் போச்சு. ரெண்டு நிமிசம் உக்காரமாட்டேங்கிறா! பிரஷ்ஷ உருவுறா, தண்ணிக் கிண்ணத்தக் கவுக்குறா, என் பனியன்ல பச்சைக் கலர அப்புறா. நேத்து ஒரு அட்டை பூராவும் கோடு கோடாக் கிழிச்சு வச்சுட்டா. பொம்மை மாதிரி இருந்த புள்ள அண்ணாச்சி. கழுத்து வேற நல்லாத் தெரியுது. காலண்டருக்கு லாயக்கில்ல.

இந்தப் படமா? அதான் கதையே. போன வாரம் டாக்டரம்மா ஆளனுப்பியிருந்தாக. படத்த வார்டு செவத்துல மாட்டணுமாம், வர்ற தாய்மாருக பாக்கணுமாம். கடைசியில கலைதான செயிச்சுச்சு, பாத்தீங்களா! ஆனா ரெண்டு நிபந்தனை போட்டாக. மொதலாவது, மேல இருக்க தங்க எழுத்த அழிச்சுட்டு, கீழ "இது சதை அல்ல, வீக்கம்"னு எழுதணும். சரி, வேற எவனாவது கோணல்மாணலா எழுதுறதுக்கு நானே எழுதிட்டேன். எம் பேரு அதே அளவுல பக்கத்துல இருக்கணும்னு கறாராச் சொல்லிட்டேன்.

ரெண்டாவதுதான் கொஞ்சம் கஷ்டமாப் போச்சு. அந்தச் சிரிப்ப எடுத்துரணும்னாக. "சார், எல்லாமே நீங்க பாத்தபடி வரைஞ்சிருக்கீங்க. அதனாலதான் என்னால கண்டுபிடிக்க முடிஞ்சுச்சு. ஆனா அந்தச் சிரிப்பு இருந்தா அம்மாக்கள் நம்பிருவாங்க, நல்லாத்தான் இருக்குன்னு போயிருவாங்க"ன்னு சொல்லிவிட்டிருந்தாக.

மூணு நாளு பிரஷ்ஷ எடுத்து எடுத்துக் கீழ வச்சேன். நேத்து மத்தியானம் அழிச்சேன். அவ வாயி அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே போட்டேன். போடப்போடத்தான் தெரியுது, எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்திருக்கு. ஒதடு எங்க வறண்டு வெடிச்சிருந்துச்சு, எந்தப் பக்கம் தொங்கிக் கெடந்துச்சு, எல்லாம். நாப்பத்தோரு வருசத்துல நான் அழிச்ச மொதச் சிரிப்பு அதுதான். செண்பகம் வந்து பின்னால நின்னு பாத்துச்சு. அஞ்சு மாசத்துல மொத தடவையா, "மாமா, காப்பி போடட்டுமா?"ன்னு கேட்டுச்சு.

அந்தா, ஸ்டாப்பு வந்துருச்சு. அந்த மூலைய அப்படியே தூக்கி விடுங்க அண்ணாச்சி. ஆங், பாத்து. பெட்ஷீட்டு வெலகிருச்சா? பரவாயில்ல, பாருங்க. கால்ல இருக்கு பாருங்க, கொலுசுத் தடம். பக்கத்துல இருக்கது என் பெருவிரல்.

டாக்டரு சொன்னத நான் இன்னமும் முழுசா நம்பல, ஆமா. இருந்தாலும் தெனமும் காலையில, அவ தூங்கி எந்திரிக்க முன்னாடி, அந்தக் கால்ல விரல வச்சு ஒரு அமுக்கு அமுக்குவேன். விரல எடுத்ததும் சதை டக்குன்னு மேல வந்துரும். இன்னொருக்கா அமுக்குவேன். அதுவும் வந்துரும். அதுக்குப் பெறகுதான் எனக்குக் காப்பி எறங்கும்.